சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவதெல்லாம் ஒரு விளையாட்டா? ரேஸ் ஓட்டுநர் எப்படி வீரர் ஆகிறார்? - விரிவான விளக்கம்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் அதிகாலை ஷிஃப்டுக்காக கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் இளைஞர்களில் பலர் போய் இறங்குவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளில்தான். கார், பைக், டயர், உதிரிபாகம் என எல்லாம் தயாராகும் பகுதி அது.

அதே இருங்காட்டுக்கோட்டையில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன்னுடைய முதல் ரேஸை ஓட்டியது இங்கேதான். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களிலேயே நிறைய பேருக்கு இது தெரியாது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்து, அவர் தேசியக்கொடியோடு நின்ற காட்சி செல்போன் செல்போனாகச் சுற்றியது. கூடவே ஒரு பழைய கேள்வியும் டீக்கடைகளுக்குத் திரும்பி வந்தது. "ஓடுறது காரு, இவரு சும்மா உட்கார்ந்துதானே இருக்காரு? இதுல என்னங்க வீரம்?"

நியாயமான கேள்விதான். பதில் என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு என்ன வேலை?

பஸ் டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாம் முன்பக்கம் சாய்கிறோம் இல்லையா? அந்த இழுப்பைத்தான் 'ஜி விசை' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். பஸ்ஸில் நாம் உணர்வது பெரும்பாலும் அரை ஜி அளவுதான்.

ஃபார்முலா ஒன் காரில் பிரேக் போடும்போதும், வேகமான வளைவுகளில் திரும்பும்போதும் இது 5 ஜி வரை போகும். அதாவது பஸ்ஸில் நம்மைத் தள்ளாட வைத்ததைப் போல சுமார் 10 மடங்கு.

தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 முதல் 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஜி விசையில் அது 30 கிலோவுக்கு மேல் இருக்கும் பொருளைப் போல பக்கவாட்டில் இழுக்கும். 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகமான சுமையைக் கழுத்து தாங்க வேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும், ஒன்றரை மணி நேரத்துக்கு. ரேஸ் ஓட்டுநர்கள் கழுத்துக்கென்றே தனியாகப் பயிற்சி எடுப்பது இதனால்தான்.

காலுக்கும் வேலை உண்டு. வேகத்தைக் குறைக்கும் இடங்களில் பிரேக் பெடலை 100 கிலோவுக்கும் அதிகமான அழுத்தத்தில் மிதிக்க வேண்டியிருக்கும். நம் வீட்டுக் கார் மாதிரி லேசாக மிதித்தால் நிற்காது. ரேஸ் முழுக்க இதயம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் துடிக்கும். ஓட்டப்பந்தய வீரருக்கு வருகிற துடிப்பு இது.

வெயில்தான் பெரிய எதிரி

காருக்குள் ஏ.சி. இருக்குமே என்று நினைக்க வேண்டாம். தீப்பிடித்தாலும் உடல் தாங்குவதற்காக பல அடுக்கு உடை, தலையை மூடும் உள்முகமூடி, கையுறை, அதற்கு மேல் ஹெல்மெட். பக்கத்திலேயே கொதிக்கும் இன்ஜின். சித்திரை வெயிலில் நடு மத்தியானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தண்டால் எடுப்பது மாதிரிதான்.

வெப்பமான ஊர்களில் ஒரே பந்தயத்தில் ஓட்டுநரின் எடை 2 முதல் 3 கிலோ வரை குறைந்துவிடும். எல்லாம் வியர்வையாகப் போன தண்ணீர்.

2023 கத்தார் பந்தயத்தில் இது உலகத்துக்கே தெரிந்தது. லோகன் சார்ஜென்ட் உடம்பில் நீர்ச்சத்து குறைந்து பாதியிலேயே விலகினார். எஸ்டபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தபடி கடைசி வரை ஓட்டினார். லான்ஸ் ஸ்ட்ரோல் காரைவிட்டு இறங்கியதும் தள்ளாடியபடி ஆம்புலன்ஸைத் தேடிப் போனார். அதற்குப் பிறகுதான், கடும் வெப்பம் இருக்கும் பந்தயங்களில் உடம்பைக் குளிர்விக்கும் உள்ளாடை வசதியைக் கொண்டு வந்தார்கள்.

பைக் ரேஸ் என்றால் கதை வேறு. வளைவில் முட்டி தரையில் உரசும் அளவுக்குச் சாய வேண்டும். தொடைகளால் டேங்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் பிடித்துப் பிடித்து முன்கைத் தசைகள் கல் மாதிரி இறுகிவிடும். இதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட மோட்டோ ஜிபி வீரர்களும் உண்டு.

நல்ல கார் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாமே?

இந்த வாதத்தில் பாதி உண்மை. மோசமான காரை வைத்துக்கொண்டு ஃபார்முலா ஒன்னில் ஜெயிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

ஆனால் ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களுக்கும் கார் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒருவர் முன்னால் போகிறார், இன்னொருவர் பின்தங்குகிறார். ஓட்டுநரின் திறமையை அளக்கும் முதல் தராசு அதுதான்.

இன்னும் தெளிவான பதில் 'ஒன் மேக்' பந்தயங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே டயர். வித்தியாசம் ஓட்டுகிற ஆளிடம் மட்டும்தான். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பந்தயங்களில் பல இந்த வகைதான். 2023-ல் தொடங்கிய எஃப்4 இந்தியன் சாம்பியன்ஷிப்பிலும் எல்லோருக்கும் ஒரே ரக கார்தான்.

அரசாங்கம் இதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்கிறதா?

இங்கேதான் குழப்பமே.

2009-ல், இந்தியாவில் ஃபார்முலா ஒன் நடத்துவதற்கான கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமைப்பாளர்கள் அனுமதி கேட்டபோது, மத்திய விளையாட்டு அமைச்சகம் மறுத்தது. இது முழுமையான விளையாட்டு அல்ல, வணிகமும் பொழுதுபோக்கும் கலந்தது என்பதுதான் அப்போது சொன்ன காரணம். 2011-ல் நொய்டா அருகே பந்தயம் நடந்தபோது கேளிக்கை வரி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் இந்தியாவுக்கு வரவே இல்லை.

இன்னொரு பக்கம், நரேன் கார்த்திகேயனுக்கு 2010-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது இதே மத்திய அரசுதான். 2019-ல் ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தயத்தில் இருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அர்ஜுனா விருது தொடங்கியது 1961-ல். ஆக, ரேஸ் ஓட்டுபவரும் விளையாட்டு வீரர்தான் என்று அந்தப் பட்டியல் ஏற்றுக்கொள்ள 58 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அஜித்குமாருக்கு 2025-ல் பத்மபூஷண் அறிவித்தார்களே என்று கேட்கலாம். அது கலைப் பிரிவில் கொடுத்தது, விளையாட்டுப் பிரிவில் அல்ல.

ஒலிம்பிக்கில் ஏன் இல்லை? இயந்திரத்தின் உந்துசக்தியை முக்கியமாக நம்பியிருக்கும் போட்டிகளைச் சேர்ப்பதில்லை என்று ஒலிம்பிக் சாசனத்திலேயே நீண்டகாலம் விதி இருந்தது. அதே நேரம், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், 'விளையாட்டுதான், ஆனால் எங்கள் மைதானத்தில் இடமில்லை' என்கிற நிலை.

தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர தெருப் பந்தயம் நடந்தது. அதில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே கைகோத்தது. தனியார் பந்தயத்துக்கு அரசுப் பணமா, பக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறதே என்று எதிர்ப்பு கிளம்பி வழக்கு உயர் நீதிமன்றம் போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்த பிறகே அது நடந்தது.

சோழவரத்தில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டுக்கு ரேஸ் ஹீரோக்கள் புதிதல்ல. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய் நின்று பார்த்த காலம் அது. பந்தயம் சோழவரத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தபோது, கிளப் தனக்கென்று கட்டிக்கொண்டதுதான் இருங்காட்டுக்கோட்டை டிராக். 1990-ல் அங்கே பந்தயம் தொடங்கியது. இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

இதில் மறக்கக் கூடாத பெயர், கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். தானே ஓட்டுவார், தானே கார் கட்டுவார். மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதி இல்லாதவர்களும் பந்தயத்துக்குள் வர அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அந்த ஃபார்முலா மாருதி காரில்தான் நரேன் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் ரேஸை ஓட்டி, முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அவருடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் ராலி சாம்பியன்தான். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர், 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் என்று படிப்படியாக ஏறி, 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் 4-ம் இடம். டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகி 6 கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் என்ற பெயர் அவருடையதுதான்.

அடுத்து வந்தவர் சென்னையின் கருண் சந்தோக். 2010-ல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். 2012-ல் பிரான்ஸின் புகழ்பெற்ற லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அவர் அணிக்கு அன்று 6-ம் இடம். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேருமே சென்னையில் பிறந்தவர்கள்.

அஜித்குமாரும் திடீரென்று வந்தவர் அல்ல. 2004-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3, 2010-ல் ஃபார்முலா 2 என்று ஏற்கெனவே ஓட்டியவர். துபாய்க்கு முன் பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றதையும் எல்லோரும் பார்த்தோம்.

பெண்களுக்குத் தனிப் போட்டியா?

கட்டாயம் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில் நேருக்கு நேர் மோதும் சில விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. பிரிட்டனைச் சேர்ந்த ஜேமி சாட்விக் 2018-19 எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரில் ஆண்களை முந்திப் பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தை அவர் உறுதி செய்தது நம் இருங்காட்டுக்கோட்டையில்தான். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு மோதிப் பெயர் வாங்கியவர். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்சே 2019-ல் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் பட்டம் வென்றார்.

உயிர் போகாதா?

போகும். அதை மறைத்துவிட்டு ஹீரோ கதை மட்டும் பேசுவது நேர்மை இல்லை.

1994-ல் இமோலாவில் ஒரே வார இறுதியில் ரோலண்ட் ராட்சன்பெர்கர், அயர்ட்டன் சென்னா என இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகே பாதுகாப்பு விதிகள் தலைகீழாக மாறின. கழுத்தைக் காக்கும் 'ஹான்ஸ்' கருவி 2003-ல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமானது. தலைக்கு மேல் வளையமாக இருக்கும் 'ஹேலோ' 2018-ல் வந்தது. 2020-ல் பஹ்ரைனில் ரொமெய்ன் க்ரோஷானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு தீப்பிடித்தது. சுமார் அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்தவர் தானே வெளியே வந்தார். ஹேலோ இல்லாவிட்டால் அன்று அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று அவரே சொன்னார்.

இருங்காட்டுக்கோட்டையும் இழப்புகளைப் பார்த்திருக்கிறது. 2023 ஜனவரியில் மூத்த ஓட்டுநர் கே.இ.குமார், கார் பந்தய விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது சிறுவன் உயிரிழந்தான். எத்தனை வயதில் ஒரு குழந்தையை எவ்வளவு வேக பைக்கில் ஏற்றலாம் என்ற கேள்வியை அந்தச் சாவு எழுப்பியது. டிராக், டாக்டர், ஆம்புலன்ஸ், மார்ஷல், முழு பாதுகாப்பு உடை எல்லாம் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், இவை எதுவுமே இல்லாத ரோட்டில்?

அப்போ நெடுஞ்சாலையில் வீலிங் பண்றவரும் ஹீரோவா?

இந்தக் கேள்விதான் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெற்றோர்களுக்கு முக்கியம்.

2023 செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கும் அதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், அதே மாவட்டத்தில், லட்சக்கணக்கான இளைஞர்கள் பின்தொடரும் ஒரு யூடியூபர் வீலிங் செய்து பைக்கோடு தூக்கி வீசப்பட்டார். கைதானார், சிறைக்குப் போனார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது.

வேகம் இரண்டிலும் இருக்கிறது, தைரியமும் இரண்டிலும் இருக்கிறது. வித்தியாசம் என்ன? டிராக்கில் எதிரே யாரும் வர மாட்டார்கள். எல்லோருமே ஆபத்தைத் தெரிந்து, கையெழுத்துப் போட்டு, உரிமம் வாங்கி இறங்கியவர்கள். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். விதி மீறினால் தண்டனை. ரோட்டில் போகும் மாட்டு வண்டிக்காரரும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் எந்தப் பந்தயத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

18 வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால் 199ஏ பிரிவு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீதே பாயும். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

உத்திரமேரூர் பையன் ரேஸ் ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் சுலபம் இல்லை, செலவும் அதிகம்.

கார் பந்தயத்துக்கு முதல் படி கார்ட்டிங் என்ற சின்ன கார்கள். நரேன் காலத்தைப் போல இல்லாமல், இன்று சாம்பியன் ஆகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பப் பள்ளி வயதிலேயே அதில் ஏறிவிடுகிறார்கள். டயர், பெட்ரோல், மெக்கானிக், பயணம் என்று செலவு ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இந்திய ஓட்டுநர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும், அப்பாவே ரேஸ் ஓட்டியவர்களும் அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். 'பணக்கார விளையாட்டு' என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

பைக் பந்தயத்தில் கதவு கொஞ்சம் அகலம். டிவிஎஸ், ஹோண்டா போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஒன் மேக் பந்தயங்களில், தேர்வுச் சுற்றில் நல்ல நேரம் எடுத்தவர்களுக்கு நிறுவனமே தயார் செய்த பைக்கைக் கொடுக்கிறது. சொந்த பைக்கை ரேஸுக்கு மாற்றும் செலவு மிச்சம்.

எந்த வழியில் வந்தாலும், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி உரிமம் கட்டாயம். ஆர்.டி.ஓ. கொடுக்கும் லைசென்ஸ் இதற்குப் போதாது. மருத்துவச் சான்று வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

ஓட்டுவது மட்டுமே இதில் வேலை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் மெக்கானிக், டயர் ஆட்கள், கணினியில் தரவு பார்க்கும் பொறியாளர் இருப்பார்கள். டிராக் ஓரத்தில் கொடி காட்டி, விபத்து நடந்தால் முதலில் ஓடிப்போகும் மார்ஷல்கள் இருப்பார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்துவிட்டு வண்டியைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த இந்தப் பகுதி இளைஞர்களுக்குப் பொருந்துகிற இடங்கள் இவை.

சரி, கடைசியாக என்ன சொல்ல வருகிறோம்?

ரேஸ் ஓட்டுநர் விளையாட்டு வீரரா? கழுத்து, கால், இதயம், வியர்வை என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆமாம். அர்ஜுனா விருதுப் பட்டியலும் 2019-ல் ஆமாம் என்று சொல்லிவிட்டது.

அவர் ஹீரோவா? அது அவர் எங்கே ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் மஞ்சள் கொடியைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கிறாரே, அந்தக் கட்டுப்பாடுதான் அவரை வீரர் ஆக்குகிறது. ரேஸ் முடிந்து வெளியே வந்து, அதே நெடுஞ்சாலையில் எல்லோரையும் போல லேன் பார்த்து, ஹெல்மெட்டோ சீட் பெல்ட்டோ போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்தான் நிஜமான ரேஸ் ஓட்டுநர்.

வீட்டில் "நானும் ரேஸர் ஆகணும்"னு கேட்கிற பிள்ளை இருந்தால் திட்ட வேண்டாம். பைக் சாவியைக் கையில் கொடுக்கவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் நடக்கும் நாளாகப் பார்த்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். எவ்வளவு உடை, எவ்வளவு பயிற்சி, எத்தனை ஆம்புலன்ஸ் என்று அங்கே தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.